சக அணி வீரரே சரியான அளவுகோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபார்முலா 1 பந்தயங்களில் வெற்றியைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் திறமை மட்டுமே என வாதிட்ட தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையை என்னால் ஏற்க இயலவில்லை. 2008இல் ஹோண்டா அணிக்காக ஓட்டி ஆண்டு முழுவதும் 3 புள்ளிகளே பெற்ற ஜென்சன் பட்டன், அதே அணி மறு ஆண்டு பிரான் என்ற பெயரில் புதிய காருடன் களமிறங்கியபோது, முதல் 7 பந்தயங்களில் 6இல் வென்று உலக சாம்பியன் ஆனார். மாறியது அவரல்லர், இரட்டை டிஃப்யூசர் (காரின் அடியில் செல்லும் காற்றைக் கொண்டு அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்க உதவும் பின்புறப் பாகம்) பொருத்திய அந்தக் கார்தான். அதற்காக, நல்ல கார் கிடைத்தால் யாரும் வெல்லலாம் என்றும் கொள்ள முடியாது. 2023இல் ரெட் புல் அணி வென்ற 21 பந்தயங்களில் 19 வெர்ஸ்டாப்பனுடையவை. அதே காரை ஓட்டிய பெரெஸுக்குக் கிடைத்தவை இரண்டே.

ஆக, வெல்லக்கூடியவர்கள் யார் என்பதைக் கார் முடிவு செய்கிறது. அவர்களுள் வெல்பவர் யார் என்பதை ஓட்டுநர் முடிவு செய்கிறார். ஒரே வகைச் சிறு பந்தய வண்டிகள் ஓடும் கார்ட் பந்தயங்களில் நேரக் கணிப்பாளராக இருந்தபோது, வண்டிகளை மாற்றிக் கொடுத்த பிறகும் சில சுற்றுகளுக்குள் அதே சிறுவன் முன்னால் வந்ததை நேரில் கண்டிருக்கிறேன். ஓட்டுநரின் திறமையை அளக்க, அதே காரை ஓட்டும் சக அணி வீரரோடு ஒப்பிடுவதே சரி. எனவே, பந்தய முடிவுகளை வெளியிடும்போது, ஒவ்வோர் அணியின் இரு ஓட்டுநர்களும் தகுதிச் சுற்றில் (பந்தயத்தில் புறப்படும் வரிசையை முடிவு செய்யும் சுற்று) எடுத்த நேர வித்தியாசத்தையும் உடன் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்