முதலில் துண்டைக் கேளும், பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

போன ஞாயிறு கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து நீர் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வழக்கம்போல அரசியலுக்குள் போய்விட்டேன், தேத்தண்ணி ஆறியதுதான் மிச்சம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களின் குடும்பங்களிடம் வாக்குமூலம் எடுக்கத் தொடங்கியிருக்கிறீர். "எதிலிருந்து தொடங்குவது, அங்கிள்?" என்றீர். இதே வேலையில் இன்னும் நாலு பேர் இறங்கியிருக்கக்கூடும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உம் பெயரைப் போடவில்லை. காரணம் உமக்குத் தெரியும்.

நீர் காட்டிய வினாத்தாளில் முதல் கேள்வி, "அந்த நேரம் உங்கள் மனநிலை எப்படி இருந்தது?" அதை வெட்டிவிடும். ஆணைக்குழுக்காரர், பத்திரிகைக்காரர், வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்று எல்லாரும் அந்த அம்மாமாரிடம் அதைத்தான் கேட்டார்கள். அவர் அழுவார், நீரும் அழுவீர், ஒலிப்பதிவு முடிந்துவிடும். "வீட்டில் என்ன கடதாசித் துண்டு இருக்கிறது, அம்மா?" என்று கேட்டுப் பாரும். அலுமாரிக்குள் இருந்து ஒரு சொப்பிங் பை வரும். பொலிஸ் பதிவுப் படிவம், லொட்ஜ் பற்றுச்சீட்டு, செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த அட்டை, சிறைச்சாலைக்குப் பார்க்கப் போன நாளின் பஸ் டிக்கெட்கூட அதற்குள் இருக்கும்.

பொலிஸும் எழுதுகிறது, பிள்ளை. எங்களைவிட அதிகமாக எழுதுகிறது. யுத்த காலத்தில் கொழும்பில் யார் வீட்டில் யார் வந்து தங்கினாலும் விபரம் எழுதிப் பொலிஸில் கொடுக்க வேண்டும். லொட்ஜ்காரரும் புத்தகம் வைத்திருக்க வேண்டும். எங்களைக் கண்காணிக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் பின்னொரு நாள், "அப்படி ஒரு பொடியன் இந்தப் பகுதியில் இருக்கவே இல்லை" என்று அதே பொலிஸ் சொன்னபோது, அவர்கள் குத்திய சீல்தான் தாயின் கையில் மிஞ்சிய சாட்சி. 2007 ஜூன் 7 விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்களே, மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அன்று லொட்ஜ் பற்றுச்சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தவர்களை நான் இன்றும் மெச்சுகிறேன்.

இந்தியாவின் பஞ்சாபிலும் கணக்குத்தான் சாட்சி சொன்னது. அங்கே ஜஸ்வந்த் சிங் கால்ரா என்று ஒருவர் இருந்தார். அமிர்தசரஸில் வங்கியில் வேலை. சீக்கியக் கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று பொலிஸ் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. "எங்களிடம் இல்லை" என்பதுதான் எல்லா நிலையத்திலும் பதில். கால்ரா நிலையங்களோடு மல்லுக்கட்டவில்லை, சுடலைக்குப் போனார். ஒரு பிணத்தை எரிக்க விறகு வேண்டும், விறகுக்குக் காசு வேண்டும், காசுக்குக் கணக்கு வேண்டும். உரிமை கோர ஆளில்லாத பிணம் என்று பொலிஸ் கொண்டுவந்து எரித்த ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் இருந்தது. கொன்றதை மறைத்தவர்கள் விறகுச் செலவை மறைக்கவில்லை. பிறகு மத்திய புலனாய்வுப் பிரிவு அமிர்தசரஸ் மாவட்டத்தின் மூன்று சுடலைகளை விசாரித்தபோது வந்த எண்ணிக்கை 2,097. அதில் 1,238 பேர் யாரென்றே தெரியாதவர்கள். 1995 செப்டம்பர் 6 அன்று கால்ராவை அவருடைய வீட்டு வாசலிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள். பத்து வருடம் கழித்து, 2005-இல், பொலிஸ்காரர் ஆறு பேருக்குத் தண்டனை கிடைத்தது.

இதை உம்மைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பயமுறுத்தத்தான் சொல்கிறேன். சாட்சிகளின் பெயரை ஒரு கொப்பியிலும் அவர்கள் சொன்னதை இன்னொரு கொப்பியிலும் எழுதும். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம். எல்லாவற்றையும் போனில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரிகிறீரே, அதை உடனே நிற்பாட்டும்.

இன்னொன்று. பொலிஸ் எழுதியது எல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. பொய்யும் ஒரு துண்டுதான். சிங்கராசா வழக்கை எடுத்துப் படியும். தமிழ் மட்டும் தெரிந்த மனிதன், சிங்களத்தில் தட்டச்சு செய்த குற்ற ஒப்புதல், கீழே பெருவிரல் அடையாளம். அதை வைத்துக்கொண்டு 1995-இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடம் கொடுத்தது, மேன்முறையீட்டில் அது 35 ஆனது. உதவி அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரி முன் சொன்னதைச் சாட்சியாக எடுக்கலாம் என்கிறது பயங்கரவாதத் தடைச் சட்டம். அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் அடி வாங்கியவரே. 2004-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணை இல்லை என்றது. 2006-இல் இங்கே உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே யாராவது "கையெழுத்து வைத்தேன்" என்று சொன்னால், அவர் அழுது முடியும்வரை இரும், பிறகு கேளும்: எந்த மொழியில் இருந்தது? வாசித்துக் காட்டினார்களா, காட்டியது யார்? எத்தனை தாள், அதில் வெறுந்தாள் எத்தனை? சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டு போனபோது பொலிஸ்காரர் அறைக்குள் நின்றாரா, வெளியே நின்றாரா?

நாள்கணக்கை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அந்த முறைப்பாட்டுத் துண்டின் பிரதியும் வேண்டும்.

உம் பட்டியலில் தமிழ்ப் பெயர் மட்டும் இருக்கக் கண்டேன். 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கில் சிங்களப் பிள்ளைகளைப் பிடித்ததும் இதே பொலிஸ்தான். 1990 பெப்ரவரியில் பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள், உடல் மொறட்டுவையில் கரை ஒதுங்கியது. அவருடைய தாய் மனோராணி சரவணமுத்து ஒரு தமிழ்ப் பெண். வந்தவர்களில் ஒருவரைத் தொலைக்காட்சியில் கண்டு, இவர்தான், ஒரு பொலிஸ் அதிகாரி என்று அடையாளம் சொன்னார். அந்தக் காலத்துப் பட்டலந்த வதைமுகாமை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை 2025 மார்ச்சில்தான் பாராளுமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. சிங்களம் தெரிந்த ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கத்து அம்மாமாரிடமும் போம். அவர்களிடமும் ஒரு சொப்பிங் பை இருக்கும்.

இனி என் கதை. தொண்ணூறுகளில் ஒரு அலுவலகத்தில் முறைப்பாடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் அம்மா வந்தார். இரவு வந்தவர்கள் சிவில் உடையில் இருந்தார்களாம். மகனைக் கொண்டுபோக முன் ஒருவன் அடையாள அட்டையை வாங்கி, அதன் இலக்கத்தை ஒரு நீளச் சீ.ஆர். கொப்பியில் எழுதினானாம். "பேனை எழுதவில்லை, என்னிடம்தான் கேட்டு வாங்கினவன்" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் "இனந்தெரியாத நபர்கள்" என்று அடித்து, கொப்பியையும் பேனையையும் விட்டுவிட்டேன். கடத்த வந்த காடையன் இலக்கம் பதிவானா? அந்தக் கொப்பி எந்த நிலையத்தில் இருந்தது என்று யாரும் தேடவில்லை, தேடும்படி நான் எழுதவில்லை.

அந்த முறைப்பாட்டின் காபன் பிரதி என்னிடம் இருக்கிறது. அம்மா இப்போதும் அதே ஒழுங்கையில்தான். காது கொஞ்சம் மந்தம், நினைவு நல்ல தெளிவு. சனிக்கிழமை காலை வாரும், இருவருமாகப் போவோம். பேனை எந்த நிறம் என்றும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அங்கிள்