பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள், அண்ணி

அன்புள்ள அண்ணி,

தலைமையாசிரியர் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறீர்களாம். அண்ணன் சொன்னார். காரணம் கேட்டு உங்களைக் கூப்பிட்டேன். பேச்சில் பாதி அழுகையிலேயே போய்விட்டது. அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன். பொதுவில் போடட்டுமா என்று கேட்டதற்கு, "போடு, எங்க ஸ்டாஃப் ரூம்ல பாதிப் பேருக்கு இதே கதைதான்" என்றீர்கள்.

பதிவேட்டைப் பார்க்காமலே பத்தாம் வகுப்பு முழுவதையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் நீங்கள். முதல் பெஞ்சுப் பெண்ணின் பெயர் வாயில் வராமல் நின்றதும், கணக்கைப் பாதி போட்டுவிட்டு அடுத்த வரி என்னவென்று சாக்பீஸோடு திகைத்ததும் உங்களை எவ்வளவு கலங்கடித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதற்கு மேல் உங்கள் அம்மாவின் நினைப்பு வேறு. அவருக்கு வந்த மறதி நோய் உங்களுக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டீர்கள்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் நீங்கள்தான். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "இன்னும் எனக்குச் சோறு போடலையே" என்பார். மறந்தது அவருக்குத் தெரியாது. எடுத்துச் சொன்னால் கோபம் வரும். உங்களுக்கோ அந்தப் பெண்ணின் பெயர் அடுத்த பீரியடிலேயே வந்துவிட்டது. மறந்ததை முதலில் கவனித்தவரும் நீங்களேதான். அம்மாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, உங்களுக்கு 48. அறுபத்தைந்துக்கு முன்னால் மறதி நோய் வருவது அரிது.

அப்படியானால் ஏன் மறக்கிறது? மாதவிலக்கு நிற்கப் போகிற, தள்ளித் தள்ளி வரும் இந்த வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறையாது, ஏறி ஏறி இறங்கும். புதிதாகக் கேட்டதைப் பதிய வைக்கிற மூளைப் பகுதியும், கவனத்தை நடத்துகிற முன்மூளையும் அந்த ஹார்மோனை எதிர்பார்த்தே பழகியவை. அமெரிக்காவில் 1996-ல் தொடங்கி 3,300 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் என்ற ஆய்வு இருக்கிறது. ஒரே மாதிரித் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதினால் பழக்கத்தில் மதிப்பெண் கூட வேண்டும் அல்லவா? இந்தக் காலகட்டத்தில் இருந்தவர்களுக்கு அது கூடவில்லை. மாதவிலக்கு முழுதாக நின்ற பிறகு அந்த முன்னேற்றம் திரும்பி வந்தது. எனக்கு மிகவும் தெம்பு கொடுத்த விஷயம் இது.

ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு குப்பென்று அனலாகி, நைட்டி நனைந்து, மாற்றிக்கொண்டு படுத்தால் விடியும்வரை கண் மூடுவதில்லை என்றீர்கள். பகலில் படித்ததும் கேட்டதும் மனதில் உறைவது தூக்கத்தில்தான். தூக்கம் இப்படி அறுந்தால் மறுநாள் யாருக்கும் பெயர் தடுமாறும்.

இப்போது என்னை உண்மையில் பயமுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அதிக ரத்தப்போக்குக்காகப் போன இடத்தில் "கர்ப்பப்பையை எடுத்துடலாம், கூடவே ஓவரியையும் எடுத்துட்டா நிம்மதி" என்றார்களாம். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னாராம். நர்ஸாக இருந்து இந்த "நிம்மதி"யை நிறையப் பார்த்துவிட்டேன், எனக்குக் கோபம்தான் வருகிறது. ஓவரி என்ற சினைப்பைதான் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மாதவிலக்கு இயல்பாக நிற்பதற்கு முன்பே அதை எடுத்துவிட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நினைவாற்றல் குறையும் வாய்ப்பு கூடுவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் நீண்டகால ஆய்வு 2007-ல் காட்டியது. எடுத்த வயது எவ்வளவு குறைவோ, அவ்வளவு ஆபத்து. புற்றுநோய் போன்ற காரணம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஸ்கேனும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்து, மாத்திரையிலோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலோ சரியாகுமா என்று பார்க்காமல் சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள். "ஓவரியை ஏன் எடுக்க வேண்டும்?" என்று நேராகவே கேளுங்கள். இன்னொரு மகப்பேறு மருத்துவரிடமும் காட்டுவோம்.

அந்த ரத்தப்போக்கினால் உங்களுக்கு ரத்தசோகை இருந்தால், தலை கனத்து, சொன்னது மண்டையில் ஏறாமல் போவதற்கு அதுவே போதும். ஹீமோகுளோபினோடு தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடலாம். நீங்கள் சுத்த சைவம் என்பதால் பி12-ஐ விட்டுவிடவே கூடாது. இவற்றில் எது குறையாக இருந்தாலும் மருந்து உண்டு.

ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். அனலுக்கும் தூக்கக் கெடுதலுக்கும் அது நன்றாகக் கேட்கும். அறுபது வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குவது பொதுவாகப் பாதுகாப்பானது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்தவர்களுக்கு ஆகாது. ஆனால் ஞாபக சக்திக்காக மட்டும் அதைச் சாப்பிட வேண்டாம். 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், மறதி நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கானது 2003-ல் வெளிவந்தது. டிவியில் வரும் ஞாபகசக்திப் பொடிக்கும் காசைக் கொட்டாதீர்கள்.

அம்மாவின் நோய் பிற்காலத்தில் உங்களை அண்டாமலிருக்க ரத்த அழுத்தத்தைக் கவனிப்பதும் முக்கியம். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் போட்ட கணக்குப்படி, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும். நடுவயதில் கூடும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது மந்தம், தனிமை எல்லாம் அதில் உண்டு. சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் அரை மணி வேகமாக நடங்கள். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று அண்ணன் சொன்னார், காதையும் ஒருமுறை காட்டிவிடலாம்.

சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள், ரத்தப் பரிசோதனைக்கு நானும் கூட வருகிறேன். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். தூக்கத்துக்கும் அரிப்புக்கும் நீங்களே கடையில் வாங்கியதை முக்கியமாக விட்டுவிடாதீர்கள். அவற்றில் சில மூளையை மந்தமாக்கும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்