பத்து மணிக்கு முன் சொல்ல வேண்டிய நன்றி

திருகோணமலை நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற என் ஆட்களுக்கு,

போன மாதம் கடைசிப் பெறுபேறு வந்தது. சித்தியடைந்துவிட்டேன். என்னோடு முதலாம் ஆண்டில் நுழைந்தவர்கள் எப்போதோ பட்டம் வாங்கி, கறுப்பு அங்கியோடு படமும் எடுத்துவிட்டார்கள். நீ மட்டும் ஏன் பிந்தினாய் என்று கேட்டவர்களுக்கு டெங்கு என்றேன், வீட்டுப் பிரச்சினை என்றேன். இரண்டும் பொய். எனக்கு பைபோலார் இருக்கிறது. தமிழில் இருமுனைக் கோளாறு என்கிறார்கள்: மனம் சில காலம் அளவு மீறி எழும்பும், சில காலம் அடியோடு விழும். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உங்களுக்கு நன்றி சொல்ல முடியாது. டெங்குவுக்கு யாராவது நான்கு ஆண்டுகள் காவல் இருப்பார்களா?

தொடங்கியது 2022 மார்ச் 1, சிவராத்திரி. கோணேசர் கோயிலில் நான்கு சாமமும் கண்விழித்தேன். அதில் புதுமை இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் விழிப்பவர்கள்தான். மறுநாள் அவர்கள் சுருண்டு படுத்தார்கள். எனக்கு நித்திரை வரவில்லை, வேண்டியிருக்கவும் இல்லை. இரண்டாம் இரவு, மூன்றாம் இரவு, நான்காம் இரவு. அம்மம்மா அதைப் பக்தி என்று எண்ணிப் பூரித்துப்போனார். நானோ சுவாமி மலையில் நின்று, கடல் எனக்கு மட்டும் ஏதோ சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னது இதுதான்: வெளிநாட்டுக்காரரைத் திமிங்கிலம் பார்க்க அழைத்துப்போகும் கம்பனி ஒன்றைத் தொடங்கு. கோட்டைக்குள் திரியும் மான்களுக்குக்கூடத் திட்டத்தை விளக்கினேன். (டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. படகு எதில் ஓடும் என்று மான்களும் கேட்கவில்லை.)

முதல் நன்றி அச்சக ஐயாவுக்கு. அம்மாவின் சங்கிலியை அடகுவைத்த காசோடு போய், ஐந்நூறு விசிட்டிங் கார்ட் அடிக்கச் சொன்னேன். முற்பணத்தை வாங்கி வைத்தார், அச்சுக்குப் போடவில்லை. வீட்டுக்குப் போன் எடுத்து, “பிள்ளை மூன்று நாளில் மூன்று தரம் வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் கம்பனியின் பெயர் வேறு. ஒருக்கால் கவனியுங்கள்” என்றாராம். உறவுக்காரர்கள் எவரும் அதுவரை கவனிக்காததை ஒரு வாடிக்கையாளரின் குரலில் அவர் பிடித்துவிட்டார். முற்பணம் ஒரு சதம் குறையாமல் உறையில் வந்தது. சங்கிலி மீண்டது.

வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவர் எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ நிறுத்தும் கிண்ணியா நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). நான் ஏற மறுத்தேன். “கடற்கரைக்குப் போய் வருவோம்” என்று சின்னம்மா ஏமாற்றப் பார்த்தார். நானா ஏமாற்றவில்லை. “ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம், தங்கச்சி. நான் வாசலில் நிற்பேன்” என்றார். அன்று என்னிடம் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான், அதனால் ஏறினேன். அதன் பிறகு என் கிளினிக் நாட்கள் எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன. இந்த நோய்க்கு எனக்குத் தந்த குளிசை லிதியம். அதைக் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். கடைசிக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் கணக்குச் சரி. இரவு ஒன்பதுக்குக் குளிசை என்றால் காலை ஒன்பதுக்கு நான் அங்கே இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்ற அந்த மாதங்களிலும், பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்து ஓட்டோவுக்கு வாரம் 5 லீட்டர் என்று ஆனபோதும், என் கிளினிக் நாளுக்கென்று அவர் ஒரு லீட்டரைத் தொடாமல் வைத்திருந்தார். அந்தப் பெட்ரோலில் வாடகை ஓடியிருந்தால் அவர் வீட்டில் ஒரு நாள் அரிசி. இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. அவருடைய மனைவி சொல்லித்தான் தெரியும்.

குளிசை கிடைப்பதே சில வாரங்களில் பெரும்பாடாக இருந்தது. கண்டியில் படிக்கும் சின்னம்மாவின் மகன் பாமசி பாமசியாக ஏறி இறங்கி, கிடைத்ததைத் திருகோணமலை பஸ் சாரதியிடம் கொடுத்து அனுப்புவான். அந்தச் சாரதிக்கும் நன்றி. பொதிக்குள் என்ன என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

கிளினிக்கில் இருந்த தாதி சிங்களப் பெண். அவருக்குத் தெரிந்த தமிழில் எனக்குப் பயன்பட்டவை மூன்று சொற்கள்: நித்திரை, தண்ணீர், உப்பு. கடைசிச் சொல் என் உயிரைக் காத்தது. கந்தசஷ்டிக்கு அம்மாவோடு சேர்ந்து நானும் ஆறு நாள் உபவாசம் இருந்தேன். நோய் வந்ததற்குப் பரிகாரமாம். நான்காம் நாள் கை நடுங்கியது, வாந்தி வந்தது, நடையும் தள்ளாடியது. விரதக் களைப்பு என்றார்கள். கிளினிக் நாளாக இருந்தது என் நல்ல காலம். தாதி என் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “உப்புச் சாப்பிடுகிறாயா?” என்று கேட்டார். லிதியமும் ஓர் உப்புத்தான். உடலில் சாதாரண உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் லிதியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். 0.6க்கும் 0.8க்கும் நடுவில் நிற்க வேண்டிய என் லிதியம் அளவு அன்று 1.7. சேலைன் ஏற்றி மூன்று நாள் படுக்க வைத்தார்கள். என் கிளினிக் கொப்பியின் அட்டையில் அவர் சிவப்பு மையால் எழுதியது இன்னும் இருக்கிறது: தலையிடிக்குப் பனடோல் மட்டும், இபுபுரோஃபன் கூடாது, விரதம் கூடாது. மூன்றாவது வரியை அம்மா பத்திரகாளி அம்மன் சந்நிதியில் வாசித்துக் காட்டி, என் பங்கையும் சேர்த்துத் தானே பிடிப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

பேய் பிடித்திருக்கிறது என்று நூல் கட்ட வந்தவர்களுக்கும் நன்றி. நூலையும் கட்டினேன், குளிசையையும் போட்டேன். நூல் அறுந்துவிட்டது.

இனி மூதூர்த் தோழிக்கு வருகிறேன். இவளைப் பற்றி எழுதத் தொடங்கினால் மடல் முடியாது.

பித்து இறங்கியதும் நேர் எதிர்ப்பக்கம் வந்தது. அந்த ஆண்டின் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நான் குளிக்கவில்லை. எழுந்து தண்ணீர் அள்ளி ஊற்றுவது கோணேசர் மலையைத் தூக்குவது போல இருந்தது. பலர் வந்து, மனத்தைத் திடப்படுத்து, உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இல்லையா என்றார்கள். இருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும், தெரிந்ததால் இன்னும் வெட்கமாக இருந்தது. இவள் வந்து ஒன்றும் சொல்லவில்லை. சிக்குப் பிடித்த என் தலையை இரண்டு மணித்தியாலம் இருந்து சீவினாள். மறுவாரமும் வந்தாள். பஸ் இல்லாத நாளில் மீன் லொறியில் வந்தாள், அந்த மணத்தோடு.

நான் வளாகத்துக்குத் திரும்பியபோது எனக்கு ஒரு காவல் ஏற்பாடும் செய்தாள். அவள் கடற்றொழில் செய்யும் குடும்பம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் வேகமாகப் பேசத் தொடங்கினால், ஒரு கதையை முடிக்காமல் மற்றொன்றுக்குத் தாவினால், விரிவுரை மண்டபத்தில் எல்லோர் முன்னாலும், “கச்சான் வேண்டுமா?” என்று கேட்பாள். நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர்; அதைத் தருகிறாள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். காற்று எழும்பிவிட்டது, இன்றிரவு நேரத்துக்குப் படு, நாளை கிளினிக்குக்குப் போன் எடு என்பது எனக்கு மட்டும் விளங்கும். மூன்று ஆண்டுகளில் ஏழு தரம் கேட்டிருக்கிறாள். ஐந்து தரம் அவள் சொன்னது சரி. இரண்டு தரம் நான் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்போது கோபம் வந்தது. சந்தோஷப்படவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று சண்டை பிடித்தேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்திவிடாதே.

தவறவிட்ட பாடங்களை முதல் தடவை எழுதுவதாகவே கணக்கில் எடுக்கும்படி, மருத்துவச் சான்றிதழ்களோடு கந்தோர் கந்தோராக அலைந்த மாணவர் ஆலோசகருக்கு நன்றி. ‘இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருப்பதே நல்லது’ என்று என் காதில் விழும்படி சொன்ன இன்னொருவரும் இருந்தார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைத்தேன். மறுமுனையில் தமிழில் பேசிய பெண், நான் அழுது முடியும் வரை போனை வைக்கவில்லை. அந்தக் குரலுக்கும்.

கடைசி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்பு வேண்டும் என்றபோது மேற்பார்வையாளரிடம் பழைய கம்பனிக் கதையை வெட்கத்தோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அதையே எழுது” என்றார். அப்படித்தான் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் திமிங்கிலம் காட்டுவதற்கும் புறாத்தீவுக்கும் படகு ஓட்டுகிறவர்களின் வருமானம் பற்றி எழுபத்திரண்டு பக்கம் எழுதினேன். விடியப் புறப்படும் படகில் என்னை ஏற்ற வைத்தியர் ஒப்பவில்லை, நித்திரை கெடும் என்று. படகுக்காரர்கள் கரைக்குத் திரும்பி வலையும் கயிறும் காயவைத்த பிறகு, பதினொரு மணி வெயிலில் எனக்காகக் காத்திருந்து கணக்குச் சொன்னார்கள். எல்லாக் கணக்கும் உண்மை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் எனக்குத் தண்ணீர் தந்தார்கள்.

ஆய்வைக் கட்ட அதே அச்சகத்துக்குத்தான் போனேன். ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டு, “எத்தனை பிரதி?” என்றார். மூன்று என்றேன். “ஐந்நூறு வேண்டாமா?” என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பின்னால் இருந்த தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

பெயர்கள் எழுதவில்லை. ஐயா மட்டும் எழுதச் சொன்னார், விளம்பரமாகட்டும் என்று. அவருக்கும் எழுதவில்லை.

வருகிற ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் பிட்டும் இறால் குழம்பும். அம்மா உப்பை அளவாகப் போடுவார், நான் அருகில் நிற்பேன். எல்லோரும் வாருங்கள், தாதி அக்கா, நீங்களும்தான். ஆனால் ஒன்பதரைக்குக் கை கழுவிவிட வேண்டும். பத்து மணிக்கு நான் படுக்கிறேன்.