எஸ்.எல்.ஆரா, இன்சாஸா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவப் பணிக்கு ஆயத்தமாகும் எங்கள் பகுதி இளைஞர்கள், இன்சாஸ் துப்பாக்கி வந்தபின் பழைய எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்) துப்பாக்கி வெறும் பாரம் என்று பேசுவதைக் கேட்டு, இரண்டையும் தோளில் சுமந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் துப்பாக்கியின் வடிவமைப்பைத் தழுவி, மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூரில் உருவான எஸ்.எல்.ஆர்., விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரே குண்டைச் சுடும் அரைத் தானியங்கி. அதன் 7.62 மி.மீ. தோட்டா, 1990-களில் வந்த இன்சாஸின் 5.56 மி.மீ. தோட்டாவைவிடக் கனமானது, முதல் நாள் சுட்டுவிட்டு வந்தபோது என் வலது தோள் கன்றிப்போயிருந்தது.

எஸ்.எல்.ஆரின் சிறப்பு, குழலின் முன்புறமுள்ள வாயுச் சீராக்கி; சுடும்போது எழும் வாயுவில் எவ்வளவு துப்பாக்கியை இயக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வளையம் அது. புழுதியும் கரியும் படிந்து இயக்கம் தளர்ந்தால், அந்த வளையத்தைச் சற்றுத் திருகி, வெற்றுக்கூடு தடையின்றி வெளியே தெறிக்கும்வரை வாயுவைக் கூட்டிக்கொள்ளலாம். தொலைவில் ஒரே குறியை நிதானமாகச் சுட வேண்டிய இடத்தில் இன்றும் எஸ்.எல்.ஆரையே எடுப்பேன்.

ஆனால், நெல்லை டவுன் ரத வீதிகளைப் போல மக்கள் நெருங்கி நடமாடும் இடங்களில், குறி தப்பினால் சுவரையும் துளைக்கக்கூடிய அந்தக் கனத்த குண்டு ஆபத்தானது. அங்கே சிறிய தோட்டாவே ஏற்றது. எது கையில் இருந்தாலும், குழல் தேய்மானத்தை ஆர்மரர் (ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவர்) சோதித்த பிறகே பணிக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
பாளையங்கோட்டை.