சங்கரனுக்கு, கருப்பன் பொருட்டு

மதுரை

அன்புள்ள சங்கரா,

நலம், உன் நலமறிய ஆவல். உன் புதுமனை புகுவிழாவுக்கு நான் வராததைப் பற்றி நீ அண்ணாச்சியிடம் சொன்னவையெல்லாம் ஒரு சொல் குறையாமல் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன. நாயைச் சாக்காகச் சொல்லி நட்பைத் தட்டிக் கழித்தேனாம். சாக்கு அன்று, அதுவேதான் காரணம் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

கருப்பனால் தனியாக இருக்க முடிவதில்லை. கதவைச் சாத்திச் சிறிது நேரத்துக்குள் அவன் மூச்சிரைத்தபடி கூடத்துக்கும் வாசலுக்குமாக அலைகிறான், எச்சில் வடிக்கிறான், கதவைப் பிறாண்டுகிறான், பிறகு தெருவே கேட்கும்படி ஊளையிடுகிறான். மாடி வீட்டுக்காரர் இதைத் திமிர் என்கிறார். ஈரலுக்காக உயிரையே விடுகிறவன், தட்டில் வைத்த ஈரலை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாசலையே வெறித்துக்கொண்டிருந்தால் அது திமிராக இருக்க முடியாது, அச்சம்தான்.

முதலில் வீட்டுக்கு வந்து பழக்கும் ஒருவரை அழைத்தோம். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு வந்தார். ஆள் இருக்கும்போது கருப்பன் அழுவதே இல்லை என்பதால், அவர் இருந்தவரை அவன் உன்னைவிட ஒழுங்காக நடந்துகொண்டான். அவரும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பயிற்றுநர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளக்கூடிய நாட்டில் வேறென்ன நடக்கும்? அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021இலேயே, எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியே ஏற்றது, வலியும் மிரட்டலும் அதைவிடப் பலன் தரும் என்பதற்குச் சான்றில்லை என்று அறிவித்துவிட்டது. நம் ஊரில் இன்னும் சங்கிலிதான் கல்வி.

இப்போது வழிகாட்டுகிறவர் பெங்களூரில் இருக்கும் ஒரு பெண்மணி. கால்நடை மருத்துவர் பரிசோதித்து உடலில் கோளாறு ஏதும் இல்லை என்று சொன்ன பிறகே பயிற்சியைத் தொடங்கினார். பழைய கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ அழைப்பைத் திறந்துவிட்டு நாங்கள் வெளியேறுவோம். அங்கிருந்தபடி அவர் கருப்பனின் காதையும் வாலையும் மூச்சையும் கவனித்து, அவன் கலங்கத் தொடங்குவதற்கு முன்பே "உள்ளே வாருங்கள்" என்பார். வெளியே நிற்கும் நேரம் முதலில் சில நொடிகள், பிறகு சில நிமிடங்கள். அதுவும் ஒரே சீராக ஏறுவதில்லை; ஒருநாள் கூட்டினால் மறுநாள் குறைப்பார். சாவிக்கொத்தை எடுத்து அதே ஆணியில் திரும்ப மாட்டுவதும், செருப்பணிந்துகொண்டு சோபாவில் அமர்ந்து நாளிதழ் படிப்பதும் என் அன்றாடக் கடமைகளாகிவிட்டன. சாவியின் ஓசைக்கும் நாங்கள் புறப்படுவதற்கும் அவன் மனத்தில் விழுந்திருக்கும் முடிச்சு அப்படித்தான் தளருமாம்.

கைபடாமல் நாய் எப்படிப் பழகும் என்று நீ அண்ணாச்சியிடம் சிரித்ததும் எனக்குத் தெரியும். 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் எதைக் கொண்டு பழக்கினார் என்கிறாய்? நீந்தும் பிராணிக்குக் கழுத்துப்பட்டை மாட்டி இழுக்க முடியாது. விசிலும் மீனும்தான் கருவிகள். அந்த முறையைத்தான் பின்னாளில் அவர் நாய் வளர்ப்பவர்களிடையே பரப்பினார். கடிக்கிற நாயையோ, வார் பிடிக்கத் தெரியாத கையையோ திரை வழியாகத் திருத்துவது கடினம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளில்லாத வீட்டில்தான் வெளிப்படும் நோயை, வீட்டுக்குள் வந்து நிற்கிற நிபுணர் எப்படிப் பார்ப்பார்?

பயிற்சிக் காலத்தில் அவன் தாங்குகிற நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. விட்டால் அச்சம் மீண்டும் வலுத்துவிடும். உன் விழா நாளன்று எங்களுக்குத் துணைக்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்குச் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். என் வலக்கண்ணின் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. மாதந்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். மகளின் பேறுகாலத்துக்காகக் கமலா ஓசூருக்குச் சென்றுவிட்டால், நான் மருத்துவமனையில் காத்திருக்கும் அரைநாளும் இவன் தனியாகத்தான் இருந்தாக வேண்டும். பார்வையைக் காப்பாற்றப் போகிற நேரத்தில் நினைவெல்லாம் பூட்டிய கதவிலேயே இருக்கும் என்பதை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை. நீ இதற்கும் சிரித்தால் சிரித்துக்கொள்.

அடுத்த மாத ஊசி நாளில் நீ வந்து அவனோடு இருக்க முடியுமா? உள்ளே நுழைந்ததும் கொஞ்சாதே. அவனாக வந்து முகரும்வரை கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திரு. பேப்பரைச் சுருட்டி அடிக்கும் உன் அப்பாவின் வைத்தியம் இங்கே வேண்டாம். பாயசத்துத் திராட்சையை எடுத்து ஊட்டவும் கூடாது; திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தேதி உறுதியானதும் தொலைபேசியில் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமு