தார்ப்பாய்க்குக் கீழே என்ன இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் போதும், ‘கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் தார்ப்பாய் போட்டுப் பாதுகாப்பாக மூடப்பட்டுள்ளன’ என்ற செய்தி மழையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல் போடுகிற எனக்கு அந்தப் ‘பாதுகாப்பாக’ என்பதில்தான் சந்தேகம்.

தார்ப்பாய் என்றால் முன்பு தார் பூசிய கித்தான். இப்போது நிலையங்களில் கிடப்பது நெய்த பிளாஸ்டிக் பாய். கடையில் நாங்கள் ஜி.எஸ்.எம். கேட்டுத்தான் வாங்குவோம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. மெல்லிசுப் பாய் வெயிலில் காய்ந்தாலே நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

சரி, பாய் நல்லதாகவே இருக்கட்டும். மழை மேலிருந்து மட்டுமா வருகிறது? இந்திய உணவுக் கழகம் திறந்தவெளியில் தானியம் அடுக்கும் முறைக்கு ‘கேப்’ என்று பெயர். ‘கவர் அண்ட் பிளிந்த்’ என்பதன் சுருக்கம். உறையும் மேடையும் சேர்ந்தால்தான் அது ‘கேப்’. தரையை விட உயர்ந்த மேடை, அதன்மேல் மரச்சட்டம், அதற்கும் மேலே மூட்டை. பாலித்தீன் உறை போட்டுக் கயிறு கட்டுவது கடைசி வேலை. நான் நெல் கொண்டுபோகும் நிலையத்தில் அந்தக் கடைசி வேலை மட்டும் நடக்கிறது. மண்தரையில் அடுக்கிய 40 கிலோ சிப்பங்களில் அடிவரிசை போன மழையில் முளைத்தே விட்டது. மேலே பாயில் ஒரு கிழிசல் இல்லை!

இன்னொன்று, நெல்லின் ஈரம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. மழைக்கு நடுவே அறுத்த குறுவை நெல் அதற்கு மேல்தான் நிற்கும். அதைக் களத்தில் கொட்டிப் பாயால் இறுக்கி மூடினால் உள்ளே சூடேறி வேர்க்கும். பாயின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். மழை விட்டதும் பாயை விலக்கிக் காற்றாட விட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மழை விட்டால் யார் விலக்குவார்கள்? வரிசையில் காத்துக் கிடக்கும் விவசாயிதான்.

நிலையத்துக்கு ஒரு சிமென்ட் மேடையும் பக்கத்திலேயே ஒரு உலர்த்தும் இயந்திரமும் வந்தால் பாதி நெல் தப்பும். உங்கள் நிருபர் அடுத்த முறை போகும்போது பாயின் ஓரத்தைத் தூக்கி, அடிமூட்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் செய்தி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.