மிலிட்டரி தாத்தா படத்திறப்பு – ஞாயிறு மாலை 5 மணி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம மூணாவது தெரு மிலிட்டரி தாத்தாவுக்கு வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு அசோசியேஷன் ஹாலில் படத்திறப்பு. 1971 வங்கதேசப் போரில் ராணுவ வண்டி ஓட்டியவர், ஊர் திரும்பியதும் நாமக்கல்லில் நேஷனல் பெர்மிட் லாரி ஏறி 70 வயது வரை ஸ்டியரிங்கை விடவில்லை; டயரைக் கம்பியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவே இல்லை, பேரனின் ஸ்கூல் வேனையும் தட்டிவிட்டுத்தான் அனுப்புவார்.

1. அவரோடு எடுத்த போட்டோ இருந்தால் வெள்ளி இரவுக்குள் இங்கேயே போடுங்கள், பிரிண்ட் எடுக்க வேண்டும்.
2. மலர்வளையம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.
3. முன்னாள் ராணுவத்தினர் மெடல் அணிந்து வரவும்.
4. பேசுபவர்களுக்கு 3 நிமிடம்தான், மைக்கை விடாதவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.
5. கூட்டாளி டிரைவர்கள் லாரியிலேயே வருகிறார்கள், அதனால் தெருவில் கார் நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு எத்தனை பேர் என்று சனி மதியத்துக்குள் பதில் போடுங்கள், டீ, போண்டா சொல்லணும். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.